எல்ட்ஸ் கோட்டை: ஒரு டிக்கெட், ஐந்து பேர்

வாசகர் கேள்வி, 4 ஜூன் 2023

ஜூலையில் ஜெர்மனியில், கோப்ளென்ஸில் மூன்று நாள் இருப்பேன். எல்ட்ஸ் கோட்டை பார்க்க ஆசை. கார் கிடையாது. "ஹாஸ்டலில் நாலு பேரைச் சேர்த்துக்கிட்டுப் போங்க, செலவு குறையும்" என்கிறார்கள். என் அனுபவம் வேறு. வழியில் சேரும் கூட்டம் ஒரு நாளும் உருப்பட்டதில்லை. ஒருத்தருக்குக் காபி, ஒருத்தருக்கு செல்ஃபி, ஒருத்தருக்குக் கால்வலி. தனியாகப் போவதுதான் புத்திசாலித்தனம் என்கிறேன். மறுப்பு இருந்தால் சொல்லுங்கள்.

4 ஜூன் 2023, இரவு

மறுப்பு இருக்கிறது. மே 20, சனிக்கிழமை, இதே கோப்ளென்ஸிலிருந்து இதே கோட்டைக்குப் போய்வந்தேன். கூட வந்த நாலு பேரையும் முந்தின இரவு வரை எனக்குத் தெரியாது.

நான் இருப்பது ஃபிராங்க்பர்ட்டில். அந்த வாரம் வியாழன் இயேசு விண்ணேற்ற நாள், அரசு விடுமுறை. வெள்ளிக்கிழமைக்கு லீவு போட்டால் நாலு நாள் சேர்ந்தாற்போல் கிடைக்கும். அந்த வெள்ளிக்கு இங்கே 'பாலம் நாள்' என்று பெயர். ஊரே கிளம்பியிருந்தது, நானும் கிளம்பினேன்.

கோப்ளென்ஸில் யூத் ஹாஸ்டல் இருப்பதே ஒரு கோட்டைக்குள். ஏரன்பிரைட்ஸ்டைன் என்று பெயர், ரைனுக்கு அந்தக் கரையில் மேட்டின் மேல். இப்போது நிற்பது 1817-லிருந்து 1828-க்குள் பிரஷ்யர்கள் கட்டியது. மேலே நின்று பார்த்தால் மோசல் வந்து ரைனில் விழுவது தெரியும். கோப்ளென்ஸ் என்ற பெயரே ஆறுகள் கூடுமிடம் என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்ததுதான். பவானிக்காரரிடம் கூடுதுறை என்றால் போதும், புரிந்துகொள்வார்.

இரவுச் சாப்பாட்டு மேசையில் யார் முதலில் எல்ட்ஸ் பேச்சை எடுத்தது என்று நினைவில்லை. பிரேசில்காரப் பெண் ஒருத்தி, நர்ஸ். பட்டாளத்தில் கட்டாய சேவை முடித்துவிட்டு ஊர் சுற்றும் கொரியத் தம்பி. ஓய்வுபெற்ற ஹாலந்து வரலாற்று வாத்தியார். லைப்சிக்கிலிருந்து வந்த கல்லூரி மாணவி, ஜெர்மன்காரி. அப்புறம் நான். எங்களைச் சேர்த்தது நட்பு கிட்பு எதுவும் இல்லை, டிக்கெட். ரைன்லாண்ட்-ஃபால்ஸ் மாநில நாள் டிக்கெட் ஒன்று வாங்கினால் ஐந்து பேர் வரை சாதா ரயில்களில் நாள் முழுக்கப் போகலாம். வாரநாளில் காலை 9 மணிக்கு மேல்தான் செல்லும், சனி ஞாயிறில் அந்தக் கட்டுப்பாடு இல்லை. தனியாக வாங்கினால் நெஞ்சு வலிக்கும், ஐந்தால் வகுத்தால் ஒரு காபி, ஒரு பன் காசுதான்.

டிக்கெட்டில் போகிறவர்கள் பெயரை எழுதவேண்டும். பிளாட்ஃபாரத்தில் என் முழங்காலில் வைத்து எழுதினோம். பேனா பாதியில் நின்றுபோய், வாத்தியார் பென்சில் கொடுத்து, பரிசோதகர் பென்சிலை ஒத்துக்கொள்வாரா என்று ஜெர்மன்காரி கவலைப்பட்டு, கடைசியில் கொரியத் தம்பி பையிலிருந்து படம் வரையும் கறுப்புப் பேனா வந்தது. ராத்திரி பூரா பேசியிருக்கிறோம், ஆனால் ஒருத்தர் பெயர் இன்னொருத்தருக்கு ஒழுங்காகத் தெரிந்தது அந்தக் காகிதத்தில்தான்.

அப்புறம் ஐந்து பேரும் தப்பான ரயிலில் ஏறினோம். மோசல் ஓரம் போகும் வண்டிகளில் வேகமான வண்டி, கோட்டைக்கு இறங்கவேண்டிய மோசல்கெர்னில் நிற்காது. 'ஜெர்மன்காரி சொல்கிறாள், சரியாகத்தான் இருக்கும்' என்று அவள் பின்னாலேயே போனோம். ஸ்டேஷன் பலகை ஜன்னலில் சர்ரென்று ஓடியது. நின்ற இடத்தில் இறங்கி, எதிர்வண்டி பிடித்துத் திரும்பி வந்தோம். முக்கால் மணி நேரம் போச்சு. ஆனால் அதற்கப்புறம் ஒருத்தரும் ஒருத்தரிடம் மரியாதை பார்க்கவில்லை. அந்த வகையில் லாபம்.

நாள் பிரமாதம். ஒரே குறை, திரும்பும்போது வாத்தியார் படம் எடுக்கிறேன் பேர்வழி என்று பின்தங்கி, அவரும் கொரியத் தம்பியும் வண்டியைத் தவறவிட்டார்கள். ஆகவே சேர்ந்தே போங்கள், ஆனால் மெதுவாக நடக்கிற ஆளைச் சேர்க்காதீர்கள்.

5 ஜூன் 2023

மோசல் கரையில் இருக்கிற கோட்டைதானே, படகில் போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் எழுதியது அப்படிப் பட்டிருந்தால் தப்பு என்மேல். மோசல்கெர்ன் ஊர்தான் மோசல் கரையில். கோட்டை இருப்பது எல்ட்ஸ்பாக் என்ற சின்ன ஓடையின் பள்ளத்தாக்கில், உள்ளே. படகு நினைப்பை விடுங்கள். நடை.

5 ஜூன் 2023, மாலை

நடையைப் பற்றிக் கொஞ்சம்.

ஸ்டேஷனிலிருந்து ஊருக்குள் போய், ஓடையைப் பிடித்துக்கொண்டு மேலே நடக்கவேண்டும். முதல் பாதி தார் ரோடு, சுவாரசியமில்லை. ரிங்கல்ஸ்டைன் மில் என்ற பழைய ஆலைக்கட்டடம் வரும், அங்கேதான் கார்க்காரர்கள் நிறுத்துகிறார்கள். அதைத் தாண்டினால் காடு. முந்தின நாள் மழை பெய்து வேரெல்லாம் வழுக்கியது. எங்கள் வேகத்துக்கு ஒன்றரை மணி நேரம் பிடித்தது. ஓடை பெரிசு இல்லை, குற்றாலத்தில் இதைக் கால்வாய் என்பார்கள். ஆனால் அந்தச் சத்தம் கூடவே வரும், ஐந்து பேர் பேச்சற்றுப் போகும்போது அது பேசிக்கொண்டிருக்கும்.

கடைசியில் படி ஏறவேண்டும். மூச்சு வாங்க ஏறி, வியர்வையைத் துடைத்து நிமிர்ந்தால் நேரே எதிரில் நிற்கிறது. தூரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தெரியும் கோட்டை இல்லை இது. மரம் மரமாக இருக்கும், அப்புறம் திடீரென்று கோபுரம்.

சுற்றி மலை உசரம், கோட்டை நடுவில் பள்ளத்தில். மூன்று பக்கம் ஓடை சுற்றிப்போக, எழுபது மீட்டர் பாறை மேல் வீட்டுக்குமேல் வீடு. கீழே கல் சுவர் மொட்டையாக ஏறும், மேலே போகப்போக மரச்சட்டம் போட்ட வெள்ளைச் சுவர், துருத்திக்கொண்டிருக்கும் ஜன்னல், கூம்புக் கூரை, அதன் பக்கத்தில் இன்னொரு கூம்பு. இடம் பத்தவில்லை, ஆனால் ஆள் பெருகிக்கொண்டே இருந்திருக்கிறார்கள் என்று பார்த்தாலே தெரிகிறது. பிரேசில் நர்ஸ் சொன்னது: "இது கோட்டை இல்ல, அடுக்குமாடிக் குடியிருப்பு." அவள் விளையாட்டாகச் சொன்னாள். உள்ளே போனபின் அதுதான் உண்மை என்று தெரிந்தது.

ஜெர்மன் மார்க் இருந்த காலத்தில், 1960களில் வந்த வரிசையின் ஐநூறு மார்க் நோட்டின் பின்பக்கம் இந்தக் கோட்டைதான். "என் வாத்தியார் சம்பளத்தில் அந்த நோட்டை ரெண்டு தடவைதான் தொட்டிருக்கேன்" என்றார் வாத்தியார். ஹாலந்துக்காரருக்கு மார்க்கில் யார் சம்பளம் கொடுத்தது என்று நான் கேட்கவில்லை.

7 ஜூன் 2023

உள்ளே வழிகாட்டியோடுதான் விடுவார்கள். முக்கால் மணிக்குச் சற்றுக் குறைவு. போட்டோ கூடாது. பாலம் நாள் கூட்டம், முற்றத்தில் வரிசை. அந்த முற்றம் ஏதோ கிணற்றுக்குள் நிற்கிற மாதிரி, நாலு பக்கமும் சுவர் ஏறி மேலே துண்டு வானம்.

கிரானக் வரைந்த மாதா ஓவியம் ஒன்று இருக்கிறது, குழந்தையும் திராட்சையும். மூத்த லூகாஸ் கிரானக், பதினாறாம் நூற்றாண்டு ஜெர்மன் ஓவியர். வாத்தியார் அதன் முன்னாலிருந்து நகரவில்லை. கொரியத் தம்பி அந்தப் பக்கமே திரும்பாமல் கதவுப் பூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். மழைத்தண்ணீரால் கழுவப்படும் கழிப்பறைகள் மட்டும் இருபது, அதுவும் அந்தக் காலத்தில். அந்த எண்ணிக்கையைக் கேட்டபோதுதான் கூட்டம் முழுக்க ஒரே நேரத்தில் நிமிர்ந்து பார்த்தது. சமையலறையில் இறைச்சியை எலிக்கு எட்டாமல் உத்தரத்தில் தொங்கவிடும் கொக்கி, வெட்டுக்கட்டை, மாவுப் பெட்டி. நான் சைவம், இருந்தாலும் அங்கேதான் எனக்கு வீட்டு ஞாபகம் வந்தது.

நான் சொல்ல வந்தது வீரர் மண்டபம் பற்றி. கோட்டையில் பெரிய அறை அதுதான், எல்லாக் கிளைக் குடும்பமும் கூடிப் பேசுமிடம். சுவரில் கோமாளி முகங்கள் செதுக்கி வைத்திருக்கிறார்கள். அரசவைக் கோமாளிக்கு எதையும் சொல்லும் உரிமை உண்டு அல்லவா, இந்த அறைக்குள் எல்லோருக்கும் அந்த உரிமை என்று அர்த்தம். கதவுக்கு மேலே ஒரு ரோஜா. 'மௌன ரோஜா' என்கிறார்கள். உள்ளே பேசியது இந்தக் கதவைத் தாண்டக்கூடாது. பேச்சுரிமை ஒரு சுவரில், வாய்ப்பூட்டு இன்னொரு சுவரில்.

வெளியே வந்து மதில் ஓரம் உட்கார்ந்து சாப்பிட்டோம். கோட்டைச் சாப்பாட்டுக் கடையில் உருளைக்கிழங்கும் சாசேஜும். நான் கையில் கொண்டுபோன ரொட்டியும் தக்காளியும். அப்போது ஜெர்மன்காரிதான் ஆரம்பித்தாள், "நாமளும் ரோஜா விதி வெச்சுக்கலாமா?" ஆளுக்கு ஒரு விஷயம், வெளியே போகக்கூடாது. விளையாட்டாகத்தான் ஆரம்பித்தது. நர்ஸ் முறை வந்தபோது அவள் சொன்ன விஷயத்துக்கு அப்புறம் கொஞ்ச நேரம் யாரும் சாப்பிடவில்லை. ஊரில் கூடப்பிறந்தவர்களிடம் சொல்லாததை எப்படி எங்களிடம் சொன்னாள் என்று யோசித்தேன். கூடப்பிறந்தவர்கள் நாளைக்கும் இருப்பார்கள், நாங்கள் ராத்திரி வண்டியில் போய்விடுவோம், அதனால்தான்.

8 ஜூன் 2023

அவள் என்ன சொன்னாள் என்று மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். ரோஜா என்றால் ரோஜா.

11 ஜூன் 2023

கோட்டையை ஏன் 'அடுக்குமாடி' என்றேன் என்பதற்கு வருகிறேன், ஏனென்றால் எனக்கு இந்தக் கோட்டை பிடித்ததே இதனால்தான்.

1157-ல் பார்பரோசா மன்னரின் ஆவணம் ஒன்றில் ருடால்ஃப் என்ற எல்ட்ஸ்காரர் சாட்சிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். குடும்பத்தின் பெயர் எழுத்தில் முதலில் வருவது அங்கேதான். அடுத்த நூற்றாண்டில் அண்ணன் தம்பி மூன்று பேர் சொத்தைப் பிரித்தார்கள். மூன்று கிளை: ரூபெனாக், ரோடன்டார்ஃப், கெம்பெனிக். ஆனால் கோட்டையை விற்கவும் இல்லை, ஒருத்தர் எடுத்துக்கொண்டு மற்றவரை அனுப்பவும் இல்லை. ஒரே பாறையில் மூன்று வீடு கட்டிக்கொண்டார்கள். வாசல் பொது, முற்றம் பொது, மண்டபம் பொது, அடுப்பு தனித்தனி. நூறுக்கு மேல் அறை. இப்படிப் பல கிளை கூட்டாக வைத்திருக்கும் கோட்டைக்கு ஜெர்மனில் 'கானெர்பென்பூர்க்' என்று தனிச்சொல்லே இருக்கிறது. வழிகாட்டி அதை இங்கிலீஷில் விளக்கத் திணறினார். எனக்குத் தமிழில் ஒரு நொடி. பங்காளி வீடு.

எங்கள் அப்பத்தா வீடு காரைக்குடிப் பக்கம். முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு. கல்யாணமான ஒவ்வொரு பிள்ளைக்கும் வளவில் ஒரு அறை, பின்னால் தனி அடுப்பு. கொஞ்ச நாளில் வேறு வைத்துவிடுவார்கள். ஒரே கூரை, ஆனால் யார் வீட்டில் இன்றைக்கு என்ன குழம்பு என்பது அவரவர் கணக்கு. விசேஷம் என்றால் வளவில் எல்லோரும் ஒரே பந்தி. வெள்ளை அடிக்கும் செலவை யார் எவ்வளவு என்று பிரிப்பதில் மட்டும் மூன்று வருஷம் பேச்சுவார்த்தை நின்றிருந்தது.

எல்ட்ஸில் அதற்கு எழுத்தாகவே ஒப்பந்தம் போட்டிருக்கிறார்கள். 'பூர்க்ஃப்ரீடன்', கோட்டை அமைதி. மதிலுக்குள் அடிதடி கூடாது, யாருக்கு என்ன உரிமை, யார் என்ன செலவு. இந்தச் சொல்லைக் கேட்டதும் வாத்தியாருக்கு வகுப்பு எடுக்கும் வெறி வந்துவிட்டது. 1914-ல் முதல் உலகப் போர் தொடங்கியபோது ஜெர்மன் கட்சிகள் உள்சண்டையை நிறுத்தி வைத்ததற்கும் இதே பெயர்தானாம். ஆகஸ்ட் 4-ல் சோஷலிஸ்டுகளும் போர்க்கடனுக்குக் கை தூக்கினார்கள். "பங்காளிகள் சமாதானம் ஆனா வெளியே யாருக்கோ அடி விழப்போகுதுன்னு அர்த்தம்" என்று நான் சொன்னதை அவர் நோட்டில் எழுதிக்கொண்டார்.

கடைசியில் என்ன ஆச்சு? ரோடன்டார்ஃப் கிளை 1786-ல் வாரிசில்லாமல் அற்றுப்போனது. 1815-ல் கெம்பெனிக் கிளை ரூபெனாக் வீட்டையும் வாங்கி முழுசும் தன்னுடையதாக்கிக்கொண்டது. இன்றைக்கும் அந்தக் குடும்பத்தின் சொத்துதான், 33 தலைமுறைக்கு மேல். எங்கள் அப்பத்தா வீடு நாலாவது தலைமுறையில் பூட்டிக் கிடக்கிறது.

12 ஜூன் 2023

"ஒரு தடவைகூட எரியாத, இடியாத கோட்டை" என்று நான் வேறோர் இடத்தில் எழுதியதைப் பிடித்துவிட்டார் ஒருத்தர். சரிதான், திருத்திக்கொள்கிறேன். போரில் அழியவில்லை. ஆனால் 1920-ல் தீவிபத்தில் கெம்பெனிக் பக்கம் நன்றாகவே எரிந்து, பத்து வருஷம் பழுதுபார்த்திருக்கிறார்கள்.

போரில் எப்படித் தப்பியது என்றால், ஒரு தடவை நிஜமாகவே முற்றுகை. ட்ரியர் பேராயர் பால்டுவினுக்கும் இவர்களுக்கும் 1331-லிருந்து 1336 வரை தகராறு. அவர் எதிர் மலையிலேயே ஒரு குட்டிக் கோட்டை கட்டி அங்கிருந்து கல்லெறிந்தார். அதன் பெயர் ட்ருட்ஸெல்ட்ஸ், 'எல்ட்ஸுக்கு எதிர்ப்பு' என்றே பெயர். இடிந்த சுவர் இன்னும் நிற்கிறது. கடைசியில் எல்ட்ஸ்காரர்கள் பணிந்து சமாதானம். இன்னொரு தடவை 1680களின் கடைசியில், பிரெஞ்சுப் படை மோசல் ஓரத்துக் கோட்டைகளை வரிசையாக வெடி வைத்து இடித்தபோது, இந்தக் குடும்பத்துக்காரர் ஒருத்தர் பிரெஞ்சுப் படையிலேயே அதிகாரியாக இருந்தார். அவர் சொல்லித்தான் இது தப்பியது என்கிறார்கள். சிபாரிசு.

18 ஜூன் 2023

'இவ்வளவு நடப்பதற்குப் பவேரியாவின் நொய்ஷ்வான்ஸ்டைன் கோட்டைக்குப் போகலாமே, அதுதானே ஒரிஜினல்' என்பவருக்கு.

ஒரிஜினலா! அதற்கு அடிக்கல் 1869-ல். அப்போது இந்தியாவில் ரயில் ஓடிக்கொண்டிருக்கிறது. பவேரிய மன்னர் இரண்டாம் லுட்விக் நாடக மேடைக்குத் திரை வரைகிற ஆளை வைத்துத் திட்டம் போட்டார். உள்ளே சூடான காற்று ஓடும் சூடேற்றி, டெலிபோன். அரியணை மண்டபம் உண்டு, அரியணை கிடையாது. அவர் அதில் தங்கியது மொத்தம் 172 நாள். 1886 ஜூனில் செத்துப்போனார், ஆகஸ்டிலேயே டிக்கெட் போட்டு ஜனங்களை உள்ளே விட்டுவிட்டார்கள். எனக்கு அதன் மேல் வெறுப்பில்லை, அதன் எதிரே இருக்கும் மரியன் பாலத்திலிருந்து பார்த்து வாயைப் பிளந்தவள்தான் நானும். ஆனால் அங்கே யாரும் சண்டை போட்டதில்லை, வெள்ளை அடிக்கிற செலவைப் பங்கு பிரித்ததில்லை.

எல்ட்ஸிலிருந்து பக்கத்துக் கோஹெம் போனாலும் இதே கதை. ஆற்று மேலே படம் மாதிரி நிற்கும் கோட்டை 1689-ல் பிரெஞ்சுக்காரர்கள் இடித்துப்போட்டது. 1868-ல் பெர்லின் வியாபாரி ஒருவர் இடிபாட்டை வாங்கித் தன் ஆசைப்படி திரும்பக் கட்டினார். அங்கே ஒயின் நன்றாயிருக்கும் என்று நர்ஸ் சொன்னாள்.

2 ஜூலை 2023

ஜெர்மனி முழுக்க சாதா ரயிலில் போக 49 யூரோ டிக்கெட் மே 1-லிருந்து வந்துவிட்டதே, எதற்கு ஐந்து பேர் டிக்கெட் என்று கேட்கிறார்கள். இங்கேயே இருக்கிறவர்களுக்கு அதுதான் நல்லது. அது மாதச் சந்தா, நேரத்துக்கு ரத்து செய்யாவிட்டால் அடுத்த மாதமும் பிடித்துக்கொள்வான். மூன்று நாள் வருகிறவருக்குத் தேவையில்லை.

கோடையில் கோட்டைக்குப் பஸ்ஸும் உண்டு. நடக்க முடியாதவர்கள் நேரம் பார்த்து அதில் போங்கள்.

23 ஜூலை 2023

கேள்வி கேட்டவர் போய்வந்துவிட்டார். தனியாகத்தான் போனாராம், அருமையாக இருந்ததாம், சரியான ரயிலில் ஏறினாராம். வாழ்க. நான் எழுதியதில் அவர் எடுத்துக்கொண்டது வேக வண்டி நிற்காது என்ற ஒன்றை மட்டும்.

15 அக்டோபர் 2023

மழை, ஞாயிறு, பழைய பையைத் துவைக்கலாம் என்று கவிழ்த்தபோது அந்த டிக்கெட் விழுந்தது. ஐந்து பெயர், நாலு கையெழுத்து, பாதி பென்சில், பாதி கறுப்பு மை. பின்பக்கம் கொரியத் தம்பி வரைந்த கோமாளி முகம். போட்டோ கூடாது என்றதால் வெளியே வந்ததும் ஞாபகத்திலிருந்து வரைந்தான், வேறு காகிதம் இல்லாமல் இதில்.

டிக்கெட் என்னிடம் ஏன் இருக்கிறது?

ஜூன் 4-ல் எழுதியதைத் திரும்பப் படித்தேன். 'படம் எடுக்கிறேன் பேர்வழி என்று பின்தங்கி.' அப்படி நடக்கவில்லை. அவருக்கு முழங்கால். சாப்பிடும்போதே சொன்னார், ஏறுவது பரவாயில்லை, இறங்குவதுதான் உயிர் போகும் என்று. ஒரு கையில் குச்சி, இன்னொரு கையால் மரத்தைப் பிடித்துப் பிடித்து இறங்கினார். நடுவில் நின்று செல்போனைத் தூக்கிப் படம் எடுப்பதுபோல் நிற்பார். வலி என்று சொல்லாமல் நிற்பதற்கு அது ஒரு சாக்கு. எனக்கு அப்போதே புரிந்திருந்தது. கொரியத் தம்பி அவர் பையைத் தன் பையோடு சேர்த்து மாட்டிக்கொண்டான், எல்லோருடைய காலி பாட்டிலும் ஏற்கனவே அவன் பையில்தான். பாட்டிலுக்கு 25 சென்ட் திரும்பக் கிடைக்கும் என்று பொறுக்கி வைத்திருந்தான், நடக்கும்போது சலசல என்று சத்தம் கேட்கும். மில் தாண்டி வரும்வரை அந்தச் சத்தம் பின்னால் கேட்டது. அப்புறம் கேட்கவில்லை.

எனக்குக் கோப்ளென்ஸிலிருந்து ஃபிராங்க்பர்ட்டுக்கு மலிவு டிக்கெட், குறிப்பிட்ட வண்டிக்கு மட்டும் செல்லும் டிக்கெட். அதை விட்டால் இருபது யூரோவோ என்னவோ நஷ்டம். மோசல்கெர்னில் அடுத்த வண்டிக்கு ஒரு மணி நேரம். "வந்துடுவாங்க, நாம பிளாட்ஃபாரத்துக்குப் போவோம்" என்று சொன்னது நான். வண்டி வந்தது, ஏறியது நான். ஐந்து பேர் டிக்கெட் என் சட்டைப் பையில். மற்ற இரண்டு பெண்களும் என்ன செய்வார்கள், டிக்கெட் போகும் பக்கம்தான் அவர்களும் போகவேண்டும். ஜெர்மன்காரி படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு திரும்பிப் பார்த்தாள். நான் "ஏறு" என்றேன். கதவு மூடிக்கொண்டது.

பின்னால் வந்த இரண்டு பேரும் மறுபடி டிக்கெட் வாங்கினார்கள். அன்று ராத்திரி தம்பியிடமிருந்து வந்த செய்தி, "பத்திரமா வந்துட்டோம் அக்கா" என்ற மாதிரி ஒன்று, கோமாளிப் பொம்மை ஒன்று. நான் கட்டைவிரல் பொம்மை அனுப்பினேன். அடுத்து இரண்டு வாரம் கழித்து இங்கே வந்து 'மெதுவாக நடக்கிற ஆளைச் சேர்க்காதீர்கள்' என்று உபதேசம்.

மதிய உணவில் ரோஜா விதி என்று உருகியதெல்லாம் நிஜம்தான். மூன்று மணி நேரம் கழித்து இருபது யூரோ கணக்கும் நிஜம்தான்.

15 அக்டோபர் 2023, இரவு

முதல் குறிப்பை அழிக்கச் சொல்லாதீர்கள். இருக்கட்டும், எழுதினது நான்தானே. வாத்தியாருக்கு எழுதி, டிக்கெட் காசை அனுப்பவா என்று கேட்டிருக்கிறேன்.

19 அக்டோபர் 2023

பதில் வந்தது. காசு வேண்டாமாம். முழங்காலுக்கு ஆபரேஷன் தேதி கிடைத்துவிட்டதாம். 'பங்காளிகள் சமாதானம்' என்று நான் சொன்னதை எழுதி வைத்த நோட்டைத் தேடிக்கொண்டிருக்கிறாராம், சரியாக எப்படிச் சொன்னேன் என்று கேட்கிறார்.

6 ஜனவரி 2025

யாரோ இந்த இழையைத் தோண்டி எடுத்திருக்கிறீர்கள். மாத டிக்கெட் 49 யூரோ என்று எழுதியிருந்தேன், 2025 ஜனவரியில் அது 58 ஆனது. கோட்டை குளிர்காலத்தில் மூடியிருக்கும், ஏப்ரலுக்கு மேல் போங்கள்.

9 ஜூன் 2025

இன்னும் தொடர்பில் இருக்கிறீர்களா என்ற கேள்விக்கு. நர்ஸும் ஜெர்மன்காரியும் பிறந்தநாள் வாழ்த்தோடு சரி. வாத்தியார் அவ்வப்போது எழுதுவார், பெரும்பாலும் என் ஜெர்மனைத் திருத்தி. கொரியத் தம்பி ரொம்ப நாள் சத்தமில்லை.

போன வாரம் வாத்தியார் ஒரு படம் அனுப்பினார். மோசல்கெர்ன் பிளாட்ஃபாரத்தில் அந்த ஒரு மணி நேரம் காத்திருந்தபோது தம்பி வரைந்து அவருக்குக் கொடுத்ததாம். பெஞ்சில் இரண்டு பேர், தலையில் மணி கட்டிய கோமாளிக் குல்லா. கால் பக்கத்தில் காலி பாட்டில்கள், எண்ணிப் பார்த்தேன், ஒன்பது. ஓரத்தில் போய்க்கொண்டிருக்கும் ரயிலின் கடைசிப் பெட்டி. அதன் ஜன்னலில் பின்னல் போட்ட ஒரு பெண், கையில் பெரிதாக ஒரு காகிதம். அவள் தலையில் குல்லா இல்லை.

படத்தை இங்கே போடச் சொல்லாதீர்கள்.